ஏற்றம் மறந்த கால்கள்

குன்னூரிலிருந்து ஊட்டிச் சாலையில் மூன்று கிலோமீட்டர் தள்ளி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வெலிங்டன். ராணுவ மைதானங்களை விட்டால் இந்த ஊரில் சமதளம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. வாசல் தாண்டினால் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். உப்பு வாங்கப் போனாலும் ஏற வேண்டும், கோயிலுக்குப் போனாலும் ஏற வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர்களுக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று எதற்கு என்று தோன்றும். ஒரு காலம் வரை அது உண்மையாகவும் இருந்தது.

அன்று சுற்றியுள்ள ஹட்டிகள் என்னும் மலைக் கிராமங்களிலிருந்தும் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் குறுக்கு வழியில் இறங்கித்தான் பள்ளிக்கு வந்தார்கள். சாலை சுற்றிச் சுற்றிப் போகும். குறுக்கு வழியோ தேயிலைக்கு நடுவே நேராக இறங்கும். காலையில் இறக்கம், மாலையில் புத்தகப் பையோடு ஏற்றம். பெண்கள் ஊற்றில் தண்ணீர் பிடித்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சீகை மரக் கிளைகளைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்தார்கள். அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் வந்த கார்டைட் ஃபேக்டரிக்கு ஷிஃப்டுக்குப் போன ஆண்களில் பலர் நடந்தே போய் நடந்தே திரும்பினார்கள். யாரும் இதை உடல்நலத்துக்காகச் செய்யவில்லை. வேறு வழியில்லை, செய்தார்கள்.

இன்று அதே வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நிற்கிறது. குழாயில் தண்ணீர் வருகிறது, கேஸ் சிலிண்டர் வண்டியில் வருகிறது. பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளப் பள்ளி வேன் வளைவுக்கே வந்துவிடுகிறது. போனில் சொன்னால் துணியும் செருப்பும் மிக்ஸியும் வீடு தேடி வருகின்றன. மலையில் ஓர் ஏற்றம்கூட ஏறாமல் ஒரு வாரத்தை ஓட்டிவிட முடிகிறது. பாட்டிகள் இதைக் கேட்டால் நம்பவே மாட்டார்கள்.

அந்தப் பழைய நாட்களைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. விறகு சுமந்த கழுத்தும், புகை ஊதிய நெஞ்சும், குடம் தூக்கிய இடுப்பும் என்ன பாடு பட்டன என்று அந்தப் பெண்களிடம் கேட்டால் தெரியும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சொகுசு இன்று நேற்று வந்ததில்லை. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வருவதற்கு முன்பு, நல்ல வண்டிப்பாதை போடுவதற்கும் முன்பு, வெள்ளைக்காரத் துரைகளிலும் துரைசானிகளிலும் பலர் இந்த மலைக்குப் பல்லக்கில் வந்தார்கள். அவர்களுக்கு மலையேற்றம் கஷ்டமாகவே இல்லை. கஷ்டம் தூக்கியவர்களின் தோளில் இருந்தது. ஆகவே இயந்திரம் வந்ததில் ஒரு நியாயமும் இருக்கிறது. அது மனிதனின் தோளிலிருந்து மனிதனை இறக்கியது.

இயந்திரம் எதையாவது கொடுக்கும்போது கூடவே எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் கேள்வி. இதற்கு நல்ல உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. பக்கத்துக் குன்னூரில், பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஓர் அறையில் 1918-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. நடத்தியவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர். எடுத்துக்கொண்ட நோய் பெரிபெரி. கால் மரத்துப்போய், நடை தள்ளாடி, கடைசியில் இதயத்தையே நிறுத்திவிடும் நோய் அது. இதற்கு முக்கியக் காரணமாக இருந்தது ஒரு வசதி: நெல் குத்தும் மெஷின்.

உரலில் உலக்கையால் குத்திய அரிசியில் தவிடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். மில்லில் தீட்டினால் அரிசி மல்லிகை மாதிரி வெளுத்து வரும். தவிட்டோடு தயமின் என்ற வைட்டமினும் போய்விடும். அதே அரிசியை மட்டுமே நம்பிச் சாப்பிட்டவர்களுக்குக் கால் போனது. கடலோர ஆந்திரத்தில் மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட மக்களிடம் பெரிபெரி பரவியபோது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களிடம் அது அவ்வளவாக வரவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடும். மெக்காரிசனுக்குப் பிறகு 1935-ல் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவருடைய கூட்டத்தாரும் இந்த அரிசி விவகாரத்தைக் குன்னூரில் இருந்தே விரிவாக ஆராய்ந்தார்கள். அந்த ஒற்றை அறை வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

இந்தக் கதையில் யாரும் மில்லை இடித்துத் தள்ளிவிட்டு உலக்கையைத் திரும்பப் பிடிக்கச் சொல்லவில்லை. மெஷின் எதைப் பறித்தது என்று கண்டுபிடித்தார்கள். அதை வேறு வழியில் திருப்பிக் கொடுக்கலாம் என்று கண்டார்கள். உலக்கையோடு போனது வைட்டமின் மட்டுமில்லை, தோளுக்கும் முதுகுக்கும் இருந்த தினசரி வேலையும் போனது. வைட்டமினைத் திருப்பிக் கொடுக்க அறிவியல் இருந்தது. அசைவைத் திருப்பிக் கொடுக்க இங்கே யாரும் ஆராய்ச்சி தொடங்கவில்லை.

ஒருவர் தொடங்கினார், ஆனால் லண்டனில். ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் அந்த நகரத்து மாடி பஸ்களில் வேலை செய்தவர்களின் உடல்நிலையைக் கணக்கெடுத்து 1953-ல் லான்செட் இதழில் வெளியிட்டார். டிரைவர், கண்டக்டர் இருவரும் ஒரே பஸ், ஒரே வகைக் குடும்பம், ஏறக்குறைய ஒரே சாப்பாடு. டிரைவர் வேலை நேரத்தில் பெரும்பகுதி உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்குமாக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். மாரடைப்பு கண்டக்டர்களிடம் தெளிவாகக் குறைவாக இருந்தது. வந்தாலும் உடனே உயிரை எடுப்பது குறைவாக இருந்தது. உட்கார்ந்தே இருப்பது ஒரு நோய்க்காரணம் என்று உலகம் முதன்முதலாக எண்ணிக்கையோடு தெரிந்துகொண்டது அப்போதுதான்.

வெலிங்டனில் பஜாருக்குப் போய்த் திரும்பினாலே அந்தக் கண்டக்டரின் படிகளில் பாதி ஆகிவிடும். அதைத்தான் ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு போனது.

இதே ஊரில், இதே மலையில், ஓர் இடத்தில் மட்டும் கதை வேறு மாதிரி. மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758-ல் பிறந்தது. அதன் பயிற்சி மையமான எம்.ஆர்.சி. 1947-ல் வெலிங்டனுக்கு வந்தது. அதே ஆண்டில்தான் குவெட்டாவிலிருந்து ராணுவ அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜும் இங்கே வந்தது. அன்றைய சிப்பாய் நடந்தான், சுமந்தான். இன்றைய சிப்பாய்க்கு லாரி இருக்கிறது, ஹெலிகாப்டர் இருக்கிறது, வானத்தில் டிரோன் இருக்கிறது. இவ்வளவு வசதி வந்த பிறகும் எம்.ஆர்.சி. மைதானத்தில் விடியற்காலையில் பூட்ஸ் சத்தம் ஓயவில்லை.

கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இது எவ்வளவு கடினம் என்று விளங்கும். பனி இன்னும் புல்லில் இருக்கும். முதுகில் பையும் கையில் துப்பாக்கியுமாக வரிசை ஏற்றத்தில் திரும்பும். புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு முதல் வாரங்களில் இந்த உயரத்தின் காற்று போதாது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவார்கள். சமவெளியில் மீசை முறுக்கி ஓடியவன் இங்கே இடுப்பில் கை வைத்து நிற்பான். பின்னால் வரும் பயிற்சியாளர் உஸ்தாத் குரல் கொடுத்ததும் மறுபடி கால் எடுப்பான். ராணுவத்தின் போர்த்தகுதித் தேர்வில் சுமையோடு 5 கிலோமீட்டர் ஓட்டம், 60 மீட்டர் வேக ஓட்டம், நேர்க்கயிறு ஏறுதல், குறுக்குக் கயிற்றில் நகர்தல், 9 அடிப் பள்ளம் தாண்டுதல் எல்லாம் உண்டு. சேருவதற்கே 1.6 கிலோமீட்டர் ஓடிக் காட்ட வேண்டும். எம்.ஆர்.சி. கால்பந்து அணி 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பையை வென்றதை ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பெருமையோடு சொல்வார்கள். இந்தியாவுக்காக இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடிய கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் இந்த மையத்தில் வளர்ந்த ஆள். இந்த ஏற்றத்தில் ஓடிப் பழகிய நெஞ்சுக்குக் கீழே சமதளத்து மைதானம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

ராணுவத்துக்கு இயந்திரங்களில் பஞ்சமில்லை. ஆனால் இயந்திரம் எதை எடுத்துக்கொண்டதோ அதைத் தனியாக நேரம் ஒதுக்கி, கட்டளை போட்டு, தேர்வு வைத்து ராணுவம் திருப்பி வைக்கிறது. சுமப்பது வேலையாக இருந்தபோது பயிற்சி தேவைப்படவில்லை. லாரி வந்ததும் சுமப்பதே பயிற்சியாக மாறியது. அப்படியும் விட்டால் தளர்ந்துவிடும் என்பதற்கு ராணுவமே சாட்சி. 2024-ன் தொடக்கத்தில் உடற்தகுதி விதிகளைக் கடுமையாக்குவதாகச் செய்திகள் வந்தன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 10 கிலோமீட்டர் வேக நடை, 32 கிலோமீட்டர் நெடுநடை, அதோடு நீச்சல் தேர்வு. படிப்புக்கும் வேறு பணிக்கும் போகும் அதிகாரிகளிடம் உடல் பருமனும் வாழ்க்கைமுறை நோய்களும் கூடுவதுதான் காரணம் என்று அந்தச் செய்திகள் சொல்லின. சீருடை போட்டவர்களையே நாற்காலி பிடித்துக்கொள்கிறது. நம்மை விடுமா?

அமெரிக்கா இதைவிடப் பெரிய சிக்கலில் இருக்கிறது. அங்கே 17 முதல் 24 வயது வரையுள்ளவர்களில் 77 சதவீதம் பேர் ஏதாவது விதிவிலக்குக் கொடுத்தால் ஒழிய ராணுவத்தில் சேர முடியாதவர்கள் என்று 2020-ல் அவர்களுடைய பாதுகாப்புத் துறையே கணக்குச் சொன்னது. அதிக எடை, போதைப் பழக்கம், உடல்நலக் குறைவு, மனநலம் எனக் காரணங்கள் கலந்தவை. அதில் எடை முன்வரிசையில் இருக்கிறது.

நம் கணக்கும் ஆறுதல் தருவதாக இல்லை. 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, இந்தியாவில் 2000-ல் சுமார் 22 சதவீதம் பேருக்குப் போதிய உடல் அசைவு இல்லை. 2022-ல் அது 49 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பெண்களில் இது இன்னும் அதிகம், 57 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் கேட்பதோ வாரத்துக்கு 150 நிமிட மிதமான அசைவு. அதையே நம் நாட்டில் பாதிப் பேர் எட்டவில்லை. தமிழ்நாட்டில் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ள பெண்கள், தேசியக் குடும்பநல ஆய்வின் நான்காவது சுற்றில் 31 சதவீதம் அளவில் இருந்தார்கள். 2019-21-ல் நடந்த ஐந்தாவது சுற்றில் அது 40 சதவீதம். ஆண்கள் 28-லிருந்து 37-க்கு வந்துவிட்டார்கள். எடைக்குச் சாப்பாடும் காரணம், மெக்காரிசன் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். ஆனாலும் மூச்சு, தசை, எலும்பு, சமநிலை இவையெல்லாம் அசைவைச் சாப்பிட்டுத்தான் உயிர் வாழ்கின்றன. ஒல்லியாக இருக்கும் பலருக்கும் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறினால் மூச்சு முட்டுகிறது.

உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி மட்டும் பேசினால் நீலகிரியின் பாதிக் கதை விட்டுப்போகும். தேயிலைத் தோட்டத்துக்குள் இயந்திரம் வேறு விதமாக வந்தது. 1990-களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கினார்கள், பறிக்க ஆள் கிடைப்பது அரிதானது. அதுவரை கொழுந்து பறிப்பது விரல் வேலை. இரண்டு இலை ஒரு மொட்டு, இரண்டு கையும் மாறி மாறிப் போகும், பறித்தது தோளைத் தாண்டி முதுகுக் கூடையில் விழும். வரிசை மாறும்போது ஏற வேண்டும், குனிய வேண்டும், கூடை நிறைந்தால் எடை போடும் இடம் வரைக்கும் சுமந்து நடக்க வேண்டும். உடம்பு முழுவதும் வேலையில் இருந்தது.

பிறகு பை பொருத்திய கத்தரி வந்தது. கையால் பறிப்பதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இலை விழுகிறது. பெரிய தோட்டங்களில் இன்ஜின் வைத்த மெஷினும், பேட்டரி மெஷினும் வந்துவிட்டன. எடை போட்டதும் சாலையோரத்தில் பிக்கப் வண்டி நிற்கிறது. வேலை சுலபமாகிவிட்டதா என்று கேட்டால் பறிப்பவர்கள் சிரிப்பதில்லை. கத்தரியின் இரண்டு கைப்பிடியையும் நாள் முழுக்கத் திறந்து மூடினால் தோள்பட்டையும் மணிக்கட்டும் இரவில் தூங்கவிடாது. மெஷின் பிடிப்பவருக்குக் கை அதிர்வு, காதில் இரைச்சல். இங்கே உழைப்பு குறையவில்லை, குறுகிப்போனது. உடம்பு முழுக்கப் பரவியிருந்த பாரம் இரண்டு மூட்டுகளில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு பக்கம் அசைவே இல்லாத உடம்பு, இன்னொரு பக்கம் ஒரே அசைவை ஆயிரம் தடவை செய்யும் உடம்பு. இரண்டையும் ஒரே காலம்தான் உண்டாக்கியிருக்கிறது. கத்தரி பிடிப்பவருக்கு ஓய்வும், உட்கார்ந்தே இருப்பவருக்கு நடையும் வேண்டும். சுறுசுறுப்பாக இருங்கள் என்று இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

மலை ரயிலிலும் இதே மாற்றத்தைப் பார்க்கலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் ஏறும் நீராவி இன்ஜினுக்கு ஒரு காலத்தில் ஃபயர்மேன் மண்வெட்டியால் நிலக்கரி அள்ளிப்போட்டார். இன்று பெரும்பாலும் எண்ணெயில் எரிகிறது. அந்தத் தோள்களின் வேலை போய்விட்டது, போனது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் பிரேக்ஸ்மேன் இன்னும் நிற்கிறார். கொடி பிடிக்கிறார், கையால் பிரேக் சுற்றுகிறார். எந்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கலாம், எதை மனிதனிடமே வைத்துக்கொள்வது என்று யோசித்து முடிவு செய்ய முடியும் என்பதற்கு 1908-லிருந்து வெலிங்டன் ஸ்டேஷன் வழியாக ஊட்டிக்குப் போய் வரும் இந்த ரயில் பாதையே போதும்.

இனி வரப்போவது இதைவிடப் பெரியது. 2025 ஜனவரியில் புனேயில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் நான்கு கால் ரோபோ கோவேறு கழுதைகள் நடந்து வந்தன. மலையில் சுமை ஏற்றும் வேலை அவற்றுக்கும் டிரோன்களுக்கும் போகப்போகிறது. அதே ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் தாய்ஷான் மலையில், இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் இயந்திரக் கால்களைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உள்ள மலை அது. மோட்டார் தொடையைத் தூக்கிவிடுகிறது, ஏறுகிறவர் கூடவே போனால் போதும். முட்டி தேய்ந்த எழுபது வயதுக்காரர் ஒருவர் அதை மாட்டிக்கொண்டு உச்சிக்குப் போய்ச் சூரியோதயம் பார்த்தால் அதைவிட நல்ல இயந்திரம் உண்டா? நம் தொட்டபெட்டா சிகரத்துக்கும் ஒருநாள் அது வரட்டும். இருபது வயதுக்காரர் அதை மாட்டிக்கொள்வதில்தான் என் கவலை. முழங்கால் இருக்கும்போதே முழங்காலுக்கு மாற்று தேடினால், அறுபதில் அவருக்கு நிஜமாகவே மாற்று தேவைப்படும்.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாத முதியவர்களுக்கு அது பெரிய உதவி. 2023 நவம்பரில் நடப்போம் நலம் பெறுவோம் என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப்பாதைகளைத் தொடங்கினார்கள். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் நடப்பதற்கென்று வண்டியில் போய் இறங்கி நடந்துவிட்டு வண்டியில் திரும்புவது நேரமும் பெட்ரோலும் உள்ளவர்களுக்குத்தான் ஆகும். லைன் வீட்டுப் பெண்ணுக்கு அந்த நேரம் எங்கே இருக்கிறது? அவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் நடை என்பது போகவேண்டிய இடத்துக்குப் போகும் வழியாக இருந்தால்தான் நடக்கும்.

அந்த வழிகள் இன்னும் இருக்கின்றன, மூடிக்கிடக்கின்றன. உண்ணிச்செடி இரண்டு பக்கமும் வளர்ந்து படியை மறைத்துவிட்டது. காட்டெருமைகள் குடியிருப்புக்குள் மேய வருகின்றன, கரடி அடுப்படிக் கதவைத் தட்டுகிறது, சிறுத்தை நாயைத் தூக்குகிறது. இந்த நிலையில் ஒன்பது வயதுப் பிள்ளையைத் தனியாகக் குறுக்கு வழியில் அனுப்ப எந்தத் தாய்க்கும் மனம் வராது. சோம்பேறித்தனம் என்று அவரைச் சொல்வது பொய். வேனுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது அவருக்கும் பாரம்தான்.

வெலிங்டன் கன்டோன்மென்ட் போர்டும், ஜெகதளா பேரூராட்சியும், குன்னூர் நகராட்சியும், வனத்துறையும் சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் பள்ளிகளுக்கு இறங்கும் குறுக்கு வழிகளையாவது திறந்துவிடலாம். புதரை வெட்டி இரண்டு பக்கமும் பத்தடி வெளியாக வைத்தால் காட்டெருமை நிற்பது தூரத்திலேயே தெரியும். படிக்குக் கைப்பிடியும் வளைவுக்கு ஒரு விளக்கும் வேண்டும். காலையும் மாலையும் பிள்ளைகள் கூட்டமாகப் போக, ஊரிலிருந்து ஒரு பெரியவர் துணைக்குப் போனால் போதும். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள், ஏற்றம் அவர்களுக்குப் புதிதும் இல்லை. குன்னூர்ப் பக்கம் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். அப்போது படியில் பாசி பிடித்துவிட்டால் அந்த வருஷம் யாரும் கால் வைக்க மாட்டார்கள். வேலையைப் புரட்டாசிக்குள் முடித்தாக வேண்டும்.